மருமகளைப் பட்டி போட்ட வருஷம்

எங்கள் பள்ளத்து வயலில் நடவு என்றால் முதல் ஆள் நான்தான். வரப்போரமாக வலது கடைசியில் நான் குனிந்தால், எனக்கு இடது பக்கம் எத்தனை பேர் நின்றாலும் என் கை போகிற வேகத்துக்குத்தான் அவர்கள் கையும் வர வேண்டும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். எங்கள் மலையில், இந்தப் பைல் நாட்டில் என் வயதுக்காரிகள் பாதிப் பேர் போய்ச் சேர்ந்தாயிற்று. மீதிப் பேர் கட்டிலை விட்டு இறங்க ஆள் தேடுகிறார்கள். நான் இந்த ஆவணியிலும் சேற்றில் இறங்கினேன்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பிள்ளை பெற்ற பிறகு சாயங்கால வகுப்பில் கற்றுக்கொண்ட எழுத்து இது. அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். அவசரம் ஒன்றும் இல்லை.

எழுத வந்தது என் மருமகளின் உடம்பைப் பற்றி. அவள் உடம்பைப் பற்றி எங்கள் ஊரில் பேசாத வாய் கிடையாது. அதில் அதிகம் பேசிய வாய் என்னுடையது.

அவள் இதே மலையில் அரியூர் நாட்டுப் பெண். பத்தொன்பது வயதில் என் மகனைக் கட்டிக்கொண்டு வந்தாள். வந்த முதல் ஆவணியிலேயே அவளை எனக்குப் பக்கத்தில், இரண்டாவது ஆளாக நிறுத்தினேன். அவள் கை அப்படி ஓடும். நாற்றுமுடியைப் பிரிப்பதும் கண்ணுக்குத் தெரியாது, ஊன்றுவதும் தெரியாது. நான் வெற்றிலை போட நிமிர்ந்தால் அவள் என் பங்கையும் சேர்த்து நட்டுக்கொண்டு போவாள். யாரும் கேட்டால், "அத்தை இன்னும் குனிஞ்சுதான் இருக்காங்க" என்பாள். இருபது வருஷம் போல அப்படித்தான் நின்றோம். அவளும் நானும் உட்கார்ந்து பேசியது குறைவு. சேற்றில் பக்கத்தில் பக்கத்தில் நின்றதுதான் எங்கள் பேச்சு.

முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது வயதில் அவள் உடம்பு மாற ஆரம்பித்தது. முதலில் ரவிக்கைக் கை பிடித்தது. பிரித்துத் தைத்தாள். அப்புறம் முகம் உப்பியது. வயலிலிருந்து வீட்டுக்கு மேடு ஏறும்போது பாதியில் கல்லில் உட்கார்ந்தாள். பட்டப்பகலில் தூங்கினாள். சித்திரை வெயிலில்கூடக் குளிர்கிறது என்று துண்டைப் போர்த்திக்கொண்டாள். குரலும் கட்டைக் குரலாகப் போயிற்று. இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்த்து, தின்கிற உடம்பு, உட்கார்ந்து பழகிய உடம்பு என்று கணக்குப் போட்டேன்.

எங்கள் பக்கம் ஒரு பெண்ணின் உடம்பு அவளுடையது மட்டும் இல்லை. நாற்பதை நெருங்குகிறவள் பெருத்துப் போனால், அவள் வேலையை வேறு யாரோ செய்கிறார்கள் என்று அர்த்தம். யார் செய்வது? மாமியார்க்காரிதான். அப்படியானால் மாமியாருக்கு மருமகளை வேலை வாங்கத் துப்பில்லை. இதை நேராகச் சொல்ல மாட்டார்கள். கீழ் வீட்டுக்காரி என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் நீளம். அவள் ஒரு நாள் வேலியோரமாக நின்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க அக்கா, மருமவளுக்கு ஊட்டுல அப்படி என்னத்தைத்தான் போடறீங்க? எங்களுக்கும் சொன்னா நாங்களும் கொஞ்சம் ஒடம்பு தெளிவோமில்ல."

நானும் சிரித்தேன். உள்ளே வந்து மருமகளைப் பார்த்து, இனிமேல் உனக்குக் காப்பியில் சர்க்கரை கிடையாது என்றேன். அவள் சரிங்க அத்தை என்றாள்.

என் மகன் மினி லாரி ஓட்டுகிறவன். அன்னாசியும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு மலைக்குக் கீழே போவான். அவள் வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்தால், டயர் அமுங்குகிறது, இன்றைக்கு லோடு குறைச்சுத்தான் ஏத்தணும் என்பான். கூட இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அவள் சிரித்ததால் அவளுக்கு வலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவன் தொப்பையும் அந்த வருஷம்தான் சட்டைப் பட்டனுக்கு வெளியில் வந்தது. அதை யாரும் ஒரு பேச்சாக எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஆம்பிளைக்கு நாற்பதில் தொப்பை வந்தால் வீட்டில் குறைவில்லை என்பார்கள்.

எனக்கு நாற்பது ஆனபோது கதை வேறு மாதிரி இருந்தது. அப்போது நான் இளைத்துக் கிடந்தேன். கன்னம் ஒட்டிப்போய், தோள் எலும்பு இரண்டும் தள்ளிக்கொண்டு நிற்கும். சாமை சரியாக விளையாத வருஷங்கள் அவை. பிள்ளைகளுக்குப் போட்டது போக மீதியைத்தான் தின்றேன். அந்தக் காலத்தில் பெண் பெருத்திருந்தால்தான் அந்த வீட்டுக்கு மதிப்பு. என் பெரிய பெண்ணைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, என் மாமியார் என்னைக் கூப்பிட்டு உள்ளே ஒரு சேலை, மேலே ஒரு சேலை என்று இரண்டு சேலை கட்டச் சொன்னாள். "இந்தக் குச்சியைப் பாத்தா சோறு போடாத ஊடுன்னு நெனைச்சுக்குவாங்க" என்றாள். கட்டினேன். வந்தவர்களுக்குப் பரிமாறும்போது உள்சேலை அவிழ்ந்து காலுக்குள் சிக்கியது. அதை மறைக்க, நின்ற இடத்திலேயே நின்றேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, மருமகளிடமும் சொல்லவில்லை.

பிறகு வயதானேன். உடம்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் ஊர்ப் பேச்சு மாறிவிட்டது. கிழவி எப்படி ஏறுகிறாள் பார், இந்த வயதிலும் ஒரு சதை தொங்கவில்லை பார் என்றார்கள். குச்சி என்று இகழ்ந்த உடம்பையே புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சி எனக்குப் பிடித்துப் போயிற்று. பட்டினியில் வந்த உடம்பு என்பதை மறந்துவிட்டேன். ஏதோ நானே உழைத்துச் செதுக்கிக்கொண்டது போல நிமிர்ந்து நடந்தேன்.

இனி அந்த நடவு நாளைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் பட்டி போடுவது என்றால் என்ன என்று சொல்ல வேண்டும்.

எங்கள் நடவுக்குக் கூலிக்கு ஆள் வருவதில்லை. இன்றைக்கு என் வயலுக்கு நீ வா, நாளைக்கு உன் வயலுக்கு நான் வருகிறேன் என்று மாற்றாளாகப் போவோம். வரிசையாக நின்று, குனிந்து, நட்டுக்கொண்டே பின்னுக்குப் பின்னாகப் போக வேண்டும். ஒவ்வொருத்திக்கும் கைக்கு எட்டுகிற அகலம். ஒருத்தி மந்தமாக நட்டால் மற்றவர்கள் அவளைத் தாண்டிப் பின்னால் போய்விடுவார்கள். அப்போது அவளுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவளும் அந்தப் பக்கம் நிற்கிறவளும் அவள் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டிச் சேர்த்து நட்டு மூடிவிடலாம். அவளைச் சுற்றி நான்கு பக்கமும் நாற்று. ஆட்டைப் பட்டியில் அடைத்தது போல நடுவில் நிற்பாள். வெளியே வர வேண்டுமானால், "வழி விடுங்க" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். மூடியவள் வந்து நாலு நாற்றைப் பிடுங்கி வழி விடுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். அதோடு முடிந்தது.

புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்களைத்தான் அப்படிச் செய்வோம். கை பழகட்டும் என்று. நாற்பது வயதுக்காரியை, காலேஜில் படிக்கிற பெண்ணை வைத்திருக்கிறவளை, யாரும் பட்டி போட்டதில்லை.

அன்றைக்கு மருமகள் காலையிலிருந்தே பின்தங்கினாள். பத்து நாற்று ஊன்றுவாள், இடுப்பில் கை வைத்து நிமிர்வாள். மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. ஒருமுறை நான் அவள் பங்கில் இரண்டு வரிசை நட்டுக் கொடுத்தேன். அவளுக்கு அந்தப் பக்கம் மூன்றாவது ஆளாகக் கீழ் வீட்டுக்காரி நின்றாள். முந்தின வாரம் அவள் வயலில்தான் நடவு. அவளுடைய புது மருமகளை நான் பட்டி போட்டிருந்தேன், அந்தப் பெண் அழுதே விட்டது. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் அவள் எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பாருங்க அக்கா, உங்க மருமவ நட்ட எடத்துலயே நிக்கறா. எம்மட மருமவளுக்கு ஒரு நாயம், உம்மட மருமவளுக்கு ஒரு நாயமா?"

வரிசை முழுவதும் கை நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நியாயம் தவறியவள் என்று என்னை யாரும் சொன்னதில்லை. நான் மருமகளின் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி நட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து கீழ் வீட்டுக்காரி நட்டாள். எங்கள் இரண்டு பேர் கையும் நடுவில் சேர்ந்தன. பத்து நாற்றுக்குமேல் ஆகவில்லை.

மருமகள் தன் பங்கை நட்டு முடித்துப் பின்னால் கால் வைக்கப் போனபோதுதான் பார்த்தாள். நாற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பெண்கள் சிரித்தார்கள். அவள் கேட்பாள், வழி விடுவேன், முடிந்துவிடும் என்றுதான் இருந்தேன். அவள் கேட்கவில்லை. நாங்கள் வயலை முடித்து வரப்பில் ஏறினோம். கை கழுவினோம். தூக்கில் கொண்டு போன களியையும் கீரையையும் பிரித்தோம். அவள் நடுவயலில் கணுக்கால் சேற்றில் நின்றுகொண்டே இருந்தாள். நான் இரண்டு உருண்டை களி சாப்பிட்டேன். அது தொண்டையில் நன்றாகவே இறங்கியது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அப்போது என் மகன் அடுத்த வயலுக்கு நாற்றுமுடி சுமந்துகொண்டு வந்தான். அவளைப் பார்த்தான்.

"என்னம்மா, வண்டி சேத்துல சிக்கிகிச்சா? ஜேசிபி வரச் சொல்லட்டுமா?"

எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். எப்போதும் கூடச் சேர்ந்து சிரிக்கிறவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. எழுந்து வரப்பின் ஓரத்துக்குப் போனேன்.

"வழி கேளு அம்மிணி. விடறேன்."

"வழி வேண்டாமுங்க அத்தை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் ஒரு சாமான் வேண்டாம் என்பது போலச் சொன்னாள். "இந்த நாத்துக்கு நடுவுல பூந்து போற அளவுக்கு எளைச்சுக் காட்டறேனுங்க. இப்ப நானே வந்துக்கறேன்."

நாற்றுக்கும் நாற்றுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடம் இருக்கும்.

அப்புறம் குனிந்து, தனக்கு முன்னால் இருந்த நாற்றைப் பிடுங்கினாள். அந்த இடத்தில் கால் வைத்தாள். பிடுங்கியதைத் திரும்பி முதுகுக்குப் பின்னால் ஊன்றினாள். இப்படி ஒவ்வொன்றாகப் பிடுங்கி, நடந்து, ஊன்றி வரப்புக்கு வந்து சேர்ந்தாள். அவள் வந்த தடமே வயலில் தெரியவில்லை. களியைத் தொடாமல் மேடேறி வீட்டுக்குப் போனாள். பாதியில் உட்காரவும் இல்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது. காலையில் ஒரு டம்ளர் வரக்காப்பி. மத்தியானம் ஒரு கைப்பிடிக் கீரை. சாயங்காலம் பசியில்லை என்பாள். எங்களுக்கு வழக்கம் போலக் களி கிண்டுவாள், குச்சிக்கிழங்கு வேகவைப்பாள், பரிமாறுவாள். அவள் தட்டு மட்டும் கழுவி வைத்த இடத்திலேயே இருக்கும். விடியக்காலம் ரோடு வரைக்கும் ஏறி இறங்கி வருவாள். நான் தடுத்தேனா என்றால் இல்லை. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. நம் சொல்லுக்கு ஒருத்தி திருந்துகிறாள் என்று நினைத்தேன். நானே கொள்ளு வேகவைத்துத் தண்ணீரை மட்டும் வடித்துக் கொடுத்தேன். பருப்பை என் தட்டில் போட்டுக்கொண்டேன்.

மாதம் ஒன்றாயிற்று, இரண்டாயிற்று. அவள் இளைக்கவில்லை. கால் வீங்கியது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. உடம்பு மட்டும் அப்படியே. அவள் வயலில் சொன்ன சொல் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. சோளக்காட்டுச் சந்தையில்கூட, யாரோ தெரியாத பெண், நாற்றுக்குள் பூந்து போகிறேன் என்றது இந்த அம்மாதானா என்று கேட்டாளாம். கீழ் வீட்டுக்காரி வாரம் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் ஆகும் போலிருக்கே என்று சொல்லிவிட்டுப் போவாள்.

சாப்பிடாத உடம்பு இளைக்காமல் இருக்குமா? எனக்குத் தெரிந்த உலகத்தில் அப்படி ஒன்று கிடையாது. நான் பட்டினி கிடந்தேன், இளைத்தேன். என் தாய் பட்டினி கிடந்தாள், இளைத்தாள். அதனால் இவள் திருட்டுத்தனமாகத் தின்கிறாள் என்று முடிவு பண்ணினேன்.

இனி எழுதுவது எனக்குக் கஷ்டம். ராகி மாவு டப்பாவில் மாவைச் சமமாகத் தட்டி, மேலே விரலால் ஒரு கோடு போட்டு வைத்தேன். கிழங்குக் கூடையின் வாயைச் சணல் கயிற்றால், என் கைக்கு மட்டும் தெரிந்த முடிச்சாகப் போட்டுக் கட்டினேன். தினமும் பார்த்தேன். சமைக்க எடுத்தது போக ஒன்றும் குறையவில்லை. அப்படியானால் வெளியில் தின்கிறாள் என்று கீழ் வீட்டுக்காரியிடம் போய், என் மருமகள் உங்கள் வீட்டில் வந்து ஏதாவது சாப்பிடுகிறாளா என்று கேட்டேன். அதைவிட அவளுக்கு வேறு என்ன வேண்டும். பொழுது சாய்வதற்குள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் மாவு டப்பாவைத் திறந்தேன். களிக்கு மாவு எடுத்திருந்தாள். எடுத்த பிறகு மிச்ச மாவைச் சமமாகத் தட்டி, நான் போடுகிற மாதிரியே, அதே இடத்தில், விரலால் கோடு போட்டு வைத்திருந்தாள். எனக்குச் சிரமம் வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ. நான் டப்பாவை மூடிவிட்டு வெளியே வந்தேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கோடு போடுவதை மட்டும் விட்டேன். அவளைச் சாப்பிடு என்று சொல்லவில்லை.

தை மாதம் கீழே சொந்தக்காரர் வீட்டில் ஒரு கல்யாணம். மகனுக்கு லோடு இருந்ததால் நானும் அவளும் பஸ்ஸில் இறங்கினோம். அத்தனை வளைவிலும் அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாள். மலையடிவாரத்தில் காரவள்ளியில் பஸ் நின்றதும் இறங்கினாள். இரண்டு எட்டு வைத்தாள். ரோட்டோரத்திலேயே சாய்ந்துவிட்டாள். சத்தம் போடவில்லை, பிடிக்க ஆளும் தேடவில்லை.

அங்கே ஒரு கடை. எங்கள் மிளகை வாங்குகிற பாய் வீடு. அந்த வீட்டம்மாவை எனக்கு ரொம்ப வருஷமாகத் தெரியும். அந்தம்மாதான் ஓடிவந்து மருமகளின் தலையைத் தூக்கி மடியில் வைத்தார். முகத்தில் தண்ணீர் தெளித்தார். காலையில் என்ன சாப்பிட்டது என்று என்னைக் கேட்டார்.

நான் சொன்னேன்: "அந்த உடம்பைப் பாத்தா சாப்படாத உடம்பு மாதிரியாங்க இருக்குது?"

அந்தம்மா மருமகளின் கண் இமையை விரலால் கீழே இழுத்து எனக்குக் காட்டினார். உள்ளே சிவப்பே இல்லை. சுண்ணாம்பு மாதிரி இருந்தது. பிறகு நிறையச் சர்க்கரை போட்டு டீ கொண்டுவரச் சொல்லி, ஸ்பூனால் அவள் வாயில் விட்டார். மருமகள் கண் திறந்து, டீ என்று தெரிந்ததும் என்னைத்தான் பார்த்தாள். குடிக்கலாமா என்று கேட்கிற பார்வை. நாற்பத்தொரு வயதுப் பெண் ஒரு ஸ்பூன் டீக்கு என் முகத்தைப் பார்த்தாள்.

"குடி சாமி" என்றேன். அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஆட்டோ பிடித்து கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டார். ரொம்பக் குளிருதா? ஆமாங்க. முடி கொட்டுதா? ஆமாங்க. குரல் எப்போ இப்படி ஆச்சு? ரெண்டு வருஷம் இருக்குமுங்க. மாதவிலக்கு எத்தனை நாள்? அதற்கு அவள் தலையைக் குனிந்துகொண்டு, சில மாதம் பத்து நாள், சில மாதம் பதினைந்து நாள் என்றாள். அத்தனை கேள்விக்கும் என் வீட்டில்தான் பதில் இருந்தது. நான் ஒன்றையும் கேட்டதில்லை. ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போதே அவள் என் பக்கத்தில் சேற்றில் குனிந்து நின்றிருக்கிறாள். நான் நாற்றை நட்டு மூடியிருக்கிறேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மறுபடி ஒரு நாள் வரச் சொல்லி, அப்போது டாக்டர் எனக்கும் புரிகிற மாதிரி சொன்னார். கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். அது மந்தமாகிவிட்டதாம். உடம்பு ஊதுவதும், சோர்வும், குளிரும், அளவுக்கு மேல் தீட்டுப் போவதும் அதனால்தானாம்.

"இதுக்கு மாத்திரைதான் வேணும். பட்டினி கெடந்தா இது சரியாகாது. உடம்புல இருந்த கொஞ்ச ரத்தமும் போயிருக்கு. யாரு இவங்களை இப்படிப் பட்டினி போட்டது?"

நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரும் இல்லீங்க மேடம். நானாத்தான்" என்றாள் மருமகள்.

அவள் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் நான் சண்டைக்கு நின்றிருப்பேன். நான் என்ன விஷமா வைத்தேன் என்று கேட்டிருப்பேன். எனக்கு அது நன்றாக வரும். அவள் அப்படிச் சொல்லிவிட்டதால் எனக்கு வாய் இல்லாமல் போயிற்று.

அங்கே இருந்த நர்ஸ் என்னையும் எடை மெஷினில் ஏறச் சொன்னாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து ஏறி நின்றேன். இதிலாவது குறை சொல்ல முடியாது என்று இருந்தேன். முப்பத்தெட்டு கிலோ ஆயா, ரொம்பக் கம்மி, வயசு காலத்துல சரியான சாப்பாடு இல்லையா என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்க ஊட்டுல சோத்துக்குக் குறைவு இருந்ததில்லை என்றேன். பொய். மருமகள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். என் செருப்பை எடுத்து என் கால் பக்கத்தில் வைத்தாள்.

மாத்திரை ஆரம்பித்தாள். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, ரத்தத்துக்கு ஒன்று. பங்குனி, சித்திரைக்குள் குரல் திரும்பி வந்தது. துண்டு போர்த்துவதை விட்டாள். மேட்டில் உட்காராமல் ஏறினாள். உடம்பு கொஞ்சம் இறங்கியது, ரொம்ப இல்லை. டாக்டர், இந்த வயதில் இவ்வளவு இருக்கத்தான் செய்யும், இருந்தால் இருக்கட்டும் என்றார். அவளும் அதை ஏற்றுக்கொண்டாள் என்றே நினைக்கிறேன். ரவிக்கையெல்லாம் அளவு பெரிதாகப் புதிதாகத் தைத்துக்கொண்டாள். என் மகன் ஒரு நாள் பழைய ஞாபகத்தில் டயர் என்று ஆரம்பித்தான். நான் அவனைக் கூப்பிட்டு, "அவ பேச்சை இனி எடுத்தீன்னா, உன்ற தொப்பையைப் பத்தி ரோட்டுல நின்னு பேசுவேன் கண்ணு" என்றேன். அதோடு விட்டான்.

இந்த ஆவணி நடவுக்கு அவளும் வந்தாள். நான் எனக்குப் பக்கத்தில் இடம் விட்டு நின்றேன். அவள் போய் இடது கடைசியில் நின்றுகொண்டாள். எங்களுக்கு நடுவில் ஒன்பது பேர். இனிமேல் நம் வயலில் பட்டி போடக்கூடாது என்று குனிவதற்கு முன்பே சொன்னேன். கீழ் வீட்டுக்காரி ஏதோ சொல்ல வந்தாள், என் முகத்தைப் பார்த்து நாற்றைப் பிரித்தாள். மருமகள் நன்றாகவே நட்டாள். பழைய வேகம் இல்லை, ஆனால் நின்று நிதானமாக நட்டாள். யாரும் அவளைத் தாண்டிப் போகவில்லை. நான்தான் என் கையைக் கொஞ்சம் மெதுவாக விட்டேன் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

ஒன்று மட்டும் சரியாகவில்லை. அவள் என் முன்னால் சாப்பிடுவதில்லை.

சாப்பிடாமல் இல்லை. சாப்பிடுகிறாள். அவள் புருஷன் முன்னால் சாப்பிடுகிறாள். அவள் பெண் லீவில் வந்தால் இரண்டு பேரும் ஒரே தட்டில் உட்கார்ந்து கிழங்கு தின்று சிரிக்கிறார்கள். நான் உள்ளே கால் வைத்தால் அவள் கை நின்றுவிடும். தட்டைச் சத்தமில்லாமல் ஓரமாகத் தள்ளிவிட்டு, என்ன வேணுமுங்க அத்தை என்று எழுந்திருப்பாள். ஒருமுறை நானே களி உருண்டையும் மொச்சைக் குழம்பும் போட்டு அவளிடம் நீட்டினேன். என் வாழ்க்கையில் நான் யாருக்கும் தட்டைக் கையில் கொண்டு போய்க் கொடுத்ததில்லை. "வெச்சிடுங்க அத்தை, அப்பறம் சாப்படறேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். குழம்பு ஆடை கட்டிக் கிடந்தது.

மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்று இதைப் படிக்கிறவர்கள் நினைப்பார்கள். கேட்கவில்லை. எனக்கு அந்தச் சொல் வராது. வந்தாலும் அவள், நீங்க என்ன பண்ணுனீங்க அத்தை, நானாத்தானே என்பாள். ஆஸ்பத்திரியில் சொன்ன அதே சொல்லைச் சொல்லுவாள். அதை இன்னொரு தடவை கேட்க என்னால் ஆகாது.

அதனால் அவள் சோறு போட்டுக்கொள்கிற நேரத்துக்கு நான் வெளியே போய்விடுகிறேன். விறகு பார்க்க, மிளகுக் கொடி பார்க்க, யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது என்று ஏதோ ஒன்று. இந்த வயதில் தினமும் ஒரு சாக்குத் தேடுவது லேசு இல்லை.

இன்றைக்கு மத்தியானம் நல்ல மழை. மேகம் வாசல் வரைக்கும் இறங்கி, எதிர் வீடு தெரியவில்லை. அவள் எனக்குப் பரிமாறி முடித்தாள். கை கழுவினேன். அவளுக்குப் பசி என்று முகத்திலேயே தெரிந்தது. கோணிச் சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

"இந்த மழையில எங்கீங்க அத்தை?"

"மாட்டைப் பாத்துட்டு வாரேன். நீ சாப்பிடு."

மாட்டை விற்று இரண்டு வருஷம் ஆகிறது. அவள்தான் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தாள். என்னைப் பார்த்தாள். நானும் நின்றேன். இரு என்று ஒரு வார்த்தை சொன்னால் உட்கார்ந்திருப்பேன். அவள் சொல்லவில்லை. "பாத்துப் போங்க, வழுக்கும்" என்றாள்.

காலிக் கொட்டகையில் போய் நின்றேன். ஓட்டுச் சந்தில் ஒழுகித் தோளில் விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படியில் அகப்பை பானையில் படுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டது. தட்டுக் கழுவுகிற சத்தம் வரும் வரைக்கும் அங்கேயே நின்றேன்.